இர்ரேடியன்ஸுக்குத் தமிழ்: வெயிற்செறிவா, எறிப்பா, வரத்தா?

மடல் 1 – விருதுநகர் மாவட்டத்திலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

இர்ரேடியன்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை வாட் சூரிய ஆற்றல் விழுகிறது என்ற அளவு, இதற்குத் தமிழில் ஒரு சொல் தேவைப்படுகிறது, கொஞ்சம் அவசரம். எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஒரு மாதமாக மொட்டைமாடியில் ஒரு சின்ன சூரியத் தகட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 6 வோல்ட், 3 வாட், பன்னிரண்டு கலம் (செல்), நோட்டுப் புத்தகத்தைவிடச் சிறியது. அதன் பின்பக்கம் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் (இரண்டு கம்பிகளையும் நேராக இணைத்தால் ஓடுவது) 0.55 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. தகட்டின் இரண்டு கம்பிகளையும் மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் நேராகச் செருகிவிட்டால், எவ்வளவு ஒளி விழுகிறதோ அதே விகிதத்தில் மின்னோட்டம் காட்டும். பேட்டரியில் இதைச் செய்தால் மீட்டர் புகையும், தகட்டில் ஒன்றும் ஆகாது. 0.55 என்பது சதுர மீட்டருக்கு 1000 வாட் விழும்போது வரும் அளவு. ஆக, தனியாகக் கருவி வாங்காமலே இர்ரேடியன்ஸ் அளந்துவிடலாம். காலை 8 மணிக்கு 0.21 ஆம்பியர், அதாவது சுமார் 380 வாட். உச்சியில் 0.49, சுமார் 890.

இதுவரை எல்லாம் சுகம். கண்காட்சிக்கு அறிக்கையைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். அட்டவணையின் தலைப்பில் ‘சூரியக் கதிர்வீச்சுச் செறிவு’ என்று எழுதினார்கள். கட்டத்துக்குள் அடங்கவில்லை என்பது ஒன்று, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு “கதிர்வீச்சுன்னா கேன்சர் வராதா சார்?” என்று கேட்டது இன்னொன்று. அவனைக் குறை சொல்ல முடியாது. செல்போன் கோபுரம், அணு உலை என்று அந்தச் சொல்லை அவன் கேட்ட இடங்கள் அப்படி. ‘ஒளிச்செறிவு’ என்று சுருக்கலாம் என்றால் அது ஏற்கெனவே குடியேறிய வீடு, அலகுகள் பாடத்தில் கேண்டெலா என்ற அலகால் அளக்கும் வேறொன்றுக்கு உரியது.

என் யோசனை ‘வெயிற்செறிவு’. ஒரு நாள் முழுக்க விழுந்த மொத்தத்துக்கு ‘வெயில் வரவு’. இளவெயில், உச்சிவெயில், மஞ்சள்வெயில் என்று இத்தனை வகை பிரித்து வைத்திருக்கும் மொழியில் இதற்கு வெளியே தேட வேண்டுமா?

இரண்டு சொல்லாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. காலை 8 முதல் மாலை 5 வரை அரைமணிக்கு ஒருமுறை எடுத்த 19 எண்களையும் ஒரு மாணவன் அப்படியே கூட்டி, ஒரு சதுர மீட்டருக்கு 10.8 யூனிட் (கிலோவாட்-மணி) என்று எழுதிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு எண்ணும் அரைமணிக்கு மட்டுமே என்பதால் பாதியைத்தான் எழுதியிருக்க வேண்டும். வாட்டும் யூனிட்டும் வேறு வேறு என்று நானும் மூன்று வருடமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மடல் 2 – கோயம்புத்தூரிலிருந்து

> என் யோசனை ‘வெயிற்செறிவு’.

ஐயா, தயவுசெய்து வேண்டாம். நான் பன்னிரண்டு வருடமாக வீட்டுக் கூரைகளில் தகடு மாட்டுகிறவன். 2024 பிப்ரவரியில், வீட்டுக் கூரைத் தகட்டுக்கு மானியம் தரும் பிஎம் சூர்யா கர் திட்டம் வந்த பிறகு தினம் நாலு பேரிடமாவது பேசுகிறேன். பத்தில் எட்டுப் பேர், “நம்ம ஊர்ல மே மாசம் கொளுத்துதே, அப்ப கரண்ட் கொட்டுமில்ல?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். தகட்டுக்குச் சூடு எதிரி. சிலிக்கான் தகட்டில் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் திறன் குறையும். மே மாத மத்தியானத்தில் கூரைத் தகடு 65 டிகிரியைத் தொட்டால் 16 சதவீதம் போச்சு. இதை விளக்கவே எனக்கு ஒரு டீ ஆறிவிடும். நீங்கள் சொல்லிலேயே வெயிலை வைத்துவிட்டால் பிறகு எப்போது விளக்குவது?

பத்திரிகையைப் பாருங்கள், ‘வேலூரில் வெயில் 104 டிகிரி’, ‘எட்டு ஊர்களில் வெயில் சதம்’. நம் ஊரில் வெயில் என்றால் டிகிரி, அதுவும் பாரன்ஹீட். அதைக் கொண்டுபோய் வாட்டில் அளக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்?

இன்னொன்று. மேகமூட்டமான நாளில் “இன்னைக்கு வெயிலே இல்லை” என்போம். ஆனால் தகடு அப்போதும் கொஞ்சம் தரும், மேகத்தில் சிதறி வரும் ஒளி போதும். வெயில் இல்லாத நாளில் வெயிற்செறிவு 150 என்று எழுதுவீர்களா? இருந்தாலும் ‘உச்சிவெயில்’ என்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். பீக் சன் ஹவர்ஸ் (நாள் முழுக்க விழுந்தது, சதுர மீட்டருக்கு 1000 வாட் வீதம் எத்தனை மணி நேரம் விழுந்ததற்குச் சமம் என்ற கணக்கு) என்பதை ‘உச்சிவெயில் மணி’ என்று சொன்னால் வாடிக்கையாளருக்குச் சட்டென்று பிடிபடுகிறது, நேற்றே ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

மடல் 3 – யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை நான். எங்கள் பக்கம் ‘வெயில் எறிக்குது’ என்றுதான் சொல்லுவோம், நீங்கள் ‘அடிக்குது’ என்பீர்கள். அதே வினையை நிலவுக்கும் சொல்லுவோம், ‘நல்லா நிலவு எறிக்குது’ என்று. நிலவில் சூடு இல்லைத்தானே. கோவைத் தம்பி சொன்ன சூட்டுப் பிரச்சினை அதோடு தீருது. மேகத்துக்குள்ளால் வருகிற ஒளிக்கும் பொருந்தும். ‘எறிப்பு’ என்று ஒரே சொல், கட்டத்துக்குள்ளும் அடங்கும். செறிவு என்ற சொல்லை இரசாயனக்காரருக்கே விட்டுவிடலாம், கரைசலுக்கு அது தேவை.

மடல் 4 – சேலத்திலிருந்து

எறிப்பு நன்றாகத்தான் இருக்கிறது அக்கா. ஆனால் எங்கள் பக்கம் ‘ற’வும் ‘ர’வும் வாயில் ஒன்றுதான். பிள்ளைகள் காதில் ‘எரிப்பு’ என்று விழும். சூட்டைத் தவிர்க்கப் போய் நெருப்பிலேயே விழுந்த கதை.

நான் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆசிரியர் சொன்ன குழப்பம், வேகமாக வருவதையும் மொத்தமாகச் சேர்ந்ததையும் பிரிக்கத் தெரியாதது, தண்ணீரில் எந்தப் பாமரனுக்கும் கிடையாது. மேட்டூருக்கு ‘நீர்வரத்து’ வினாடிக்கு 12,000 கன அடி என்று வானொலியில் சொன்னால், அது அணையில் இருக்கும் தண்ணீர் என்று ஒரு விவசாயியும் நினைக்க மாட்டார். இருப்பு வேறு, அது டி.எம்.சி.யில் (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) வரும், நிரம்பினால் 93.47. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டி.எம்.சி. சேரும், இந்தக் கணக்கை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாட் என்பது வரத்து, யூனிட் என்பது சேர்ந்தது. அவ்வளவுதானே? அப்படியானால் ‘ஒளிவரத்து’ என்று வைத்தால் என்ன?

ஒரு ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். அணையின் வரத்து முழு அணைக்கும் சேர்த்து, உங்கள் கணக்கோ ஒரு சதுர மீட்டருக்கு. அந்த வகையில் மழையளவுதான் சரியான உறவு, ஏனென்றால் மில்லிமீட்டரில் சொல்லும்போது பரப்பு ஏற்கெனவே உள்ளே வந்துவிடுகிறது. மழையளவு போல ‘வெயிலளவு’ என்று நாள் மொத்தத்துக்கு வைக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் கோவைத் தம்பி சொன்ன 104 டிகிரி அதையும் கெடுத்துவிட்டது.

மடல் 5 – மறுபடியும் விருதுநகர்

தாமதத்துக்கு மன்னிக்கவும், காலாண்டுத் தேர்வு. உங்கள் மடல்களைப் படித்துவிட்டு, நாமே பேசி முடிவு செய்வதைவிடப் பிள்ளைகளிடம் சோதித்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் எறிப்பு. எட்டுப் பேருக்கும் சொல்வதெழுதுதல் வைத்தேன். ஐந்து பேர் ‘எரிப்பு’ என்று எழுதினார்கள். யாழ்ப்பாணத்து அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும், குறை சொல்லில் இல்லை, எங்கள் நாக்கில் இருக்கிறது. உங்கள் வகுப்பறையில் அது ஜோராக நிற்கும், நீங்கள் அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஒரே பொருளுக்கு இரண்டு கரையில் இரண்டு சொல் இருப்பது நமக்குப் புதிதா?

அடுத்து, என் வெயிற்செறிவு. அதை நானே கைவிடுகிறேன். கோவைக்காரர் சொன்னதை மாடியில் செய்து பார்த்தோம். காலை 8 மணிக்குக் கம்பிகளை எதிலும் இணைக்காமல் தகட்டின் வோல்ட்டை எடுத்தால் 6.7. உச்சியில் 6.4. ஒளி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, வோல்ட் இறங்கியிருக்கிறது! பிள்ளைகள் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டார்கள், பேட்டரி மாற்றி மறுபடி எடுத்தார்கள், அதே 6.4. பிறகு ஒரு மாணவி ஈரத்துணியைத் தகட்டின் முதுகில் ஒட்ட வைத்தாள். இரண்டு மூன்று நிமிடத்தில் 6.8. அதே ஒளி, அதே தகடு, சூடு மட்டும் குறைந்தது. சூடு ஒரு டிகிரி ஏறினால் ஒரு கலத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும், அப்படிப் பன்னிரண்டு கலம் என்று அவர்களே பெருக்கிப் பார்த்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகு அட்டவணைத் தலைப்பில் ‘வெயில்’ என்று எழுத அவர்களுக்கே மனசு வரவில்லை. “வெயில்னா சூடும் சேர்ந்துதான சார், நமக்குச் சூடு தனியா வேணும்” என்றாள் அதே பெண். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், வெயில் அழகான சொல்.

ஆக, வரத்து. 10.8 யூனிட் எழுதிய பையனைக் கூப்பிட்டு, “மேட்டூர்ல அரைமணிக்கு ஒரு தடவை வரத்து குறிக்கிறாங்க, அந்த எண்ணையெல்லாம் கூட்டினா வந்து சேர்ந்த தண்ணி ஆகுமா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முழித்தான். “ஆகாது சார், ஒவ்வொரு வரத்தும் அரைமணி நேரம் வந்துச்சுன்னு பெருக்கணும்” என்றவன், சொல்லிக்கொண்டே அறிக்கையை இழுத்து 10.8-ஐ அடித்து 5.4 ஆக்கினான். மூன்று வருடக் கரும்பலகை அங்கேயே செத்தது. அப்புறம் அதே 5.4-ஐ வரைபடத்தாளில் வளைகோட்டுக்குக் கீழே கட்டம் எண்ணியும் சரிபார்த்தார்கள். நம் மாநிலத்தில் நல்ல நாளில் 5 முதல் 6 வரை கிடைக்கும் என்பதால் அளவீடும் மோசமில்லை என்று தைரியம் வந்தது. ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு ஏன் நாலு யூனிட் பக்கம்தான் தருகிறது, 5.4 ஏன் இல்லை என்ற கேள்வியும் தானாக வந்தது. சூடு, தூசி, இன்வெர்ட்டர் என்று இழப்பை அவர்களே பட்டியல் போட்டார்கள். கமுதி சூரிய மின் நிலையத்தின் 648 மெகாவாட் வரத்தா சேர்ந்ததா என்று ஒருவன் கேட்டான். இரண்டும் இல்லை, சதுர மீட்டருக்கு 1000 வாட் விழுந்து கலமும் 25 டிகிரியில் இருந்தால் அவ்வளவு தகடும் சேர்ந்து தரக்கூடியது என்று சொன்னேன். “அந்த ரெண்டும் கமுதியில ஒண்ணா நடக்குமா சார்?” என்றான்.

முன்னொட்டு ஒன்றுதான் மிச்சம். சேலத்து அம்மா ‘ஒளிவரத்து’ என்றார்கள். எனக்கு ‘கதிர்வரத்து’ பிடிக்கிறது. சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சிலிக்கான் கலம் அதில் ஒரு பகுதியையும் பயன்படுத்துகிறது, ஒளி என்றால் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதோடு நின்றுவிடுவார்கள். ‘கதிர்’ தனியாக நின்றால் யாரையும் பயமுறுத்தாது, கதிரவன் நம் வீட்டுக்காரன்தான், ‘வீச்சு’ சேரும்போதுதான் ஆஸ்பத்திரி வாடை வருகிறது. சதுர மீட்டர் என்பது அலகிலேயே இருக்கிறது, சொல்லும் அதைச் சுமக்க வேண்டாம். நாள் மொத்தத்துக்குக் ‘கதிர்வரவு’ என்று வைத்தால் வரத்து, வரவு இரண்டும் காதில் ஒன்றாகக் குழம்பும். அதனால் ‘நாள்வரவு’ என்று மட்டும் வைத்திருக்கிறோம், வரவு செலவுக் கணக்கு போல.

‘நிழலில்லா நாள்’ என்ற சொல் எப்படி ஊரெல்லாம் போனது என்று அடிக்கடி யோசிப்பேன். வெயிலில் ஒரு குச்சியை நட்டுப் பார்த்தவன் யாரும் அதற்கு விளக்கம் கேட்பதில்லை. கதிர்வரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்குமா என்பது வேறு விஷயம். இப்போதைக்கு எட்டு அறிக்கைகளில் இருக்கிறது.

கோவைக்காரருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மேகமூட்டக் கேள்வியை நாங்கள் விடவில்லை. வடகிழக்குப் பருவமழை இன்னும் பிடிக்கவில்லை, ஆனாலும் நேற்று மத்தியானம் பத்து நிமிடம் மூடாப்பு போட்டது, மாணவி ஓடிப்போய் எடுத்ததில் 0.09 ஆம்பியர், சுமார் 160 வாட். ஒரு முழு நாள் மூடிக்கொண்டால் நாள்வரவு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் மாட்டிய கூரைகளில் மழைநாள் யூனிட் கணக்கு ஏதாவது வைத்திருந்தால் அனுப்புங்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.