சிலுவைப்பாட்டு ஓவியம்: ஆணி மூன்றா, நான்கா?

தூரிகை:
13-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பாணியில், சிலுவை வடிவிலேயே வெட்டிய பலகையில் இயேசுவின் பாடுகளை வரையப் போகிறேன். உயரம் 90 செ.மீ. மாதிரிப் படங்கள் சிலவற்றில் ஆணி நான்கு, சிலவற்றில் மூன்று. கண்ணும் அப்படித்தான்: சிலதில் திறந்து, சிலதில் மூடி. எதை எதோடு சேர்க்கலாம்? பாதங்களுக்குக் கீழே வரும் கால்பலகை சாய்ந்திருக்க வேண்டுமா? இணைப்பில் வெடிப்பு விடாமலிருக்க என்ன வழி?

பழஞ்சுவர்:
இவற்றைத் தனித்தனியாகப் பொறுக்கிச் சேர்க்காதீர்கள். முதலில் ஒரு மாதிரியை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

பழையது வெற்றி வேந்தர் கோலம். கண் திறந்திருக்கும், உடல் நேராக நிற்கும், பாதங்கள் பக்கம் பக்கமாக, ஆணி நான்கு. 1138-இல் வரையப்பட்ட சர்சானா சிலுவையும் அசிசியிலுள்ள சான் தாமியானோ சிலுவையும் இந்த வகை. இதில் மரியாளும் யோவானும் உடலுக்கு இருபுறமும் உள்ள அகன்ற பலகையில் நிற்பார்கள்.

13-ஆம் நூற்றாண்டில் துன்புறும் கோலம் மேலோங்கியது. கண் மூடி, தலை தோளில் சாய்ந்து, இடுப்பு வில்லாக வளையும். மரியாளும் யோவானும் கைகளின் நுனிக்குப் போய்விடுவார்கள், நடுப்பலகையில் துணி நெசவு போன்ற அலங்கார வடிவம் வரும். பிளாரன்ஸ் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் ஓவியர் சிமாபுவே வரைந்தது இப்படி. 1966 வெள்ளத்தில் பெரும் சேதமடைந்தது அதுதான். அதிலும் ஆணி நான்கே. அதே ஊரில் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் ஓவியர் ஜோத்தோ பாதங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒரே ஆணி அடித்தார். முழங்கால் முன்னால் மடங்குகிறது, உடலின் பாரம் கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று ஆணி போட்டால் அந்த மடிப்பையும் வரைந்தே ஆக வேண்டும். நேரான கால்களில் மூன்று ஆணி ஒட்டவே ஒட்டாது.

சாய்ந்த கால்பலகை ரஷ்ய மரபு, இங்கே வேண்டாம். வேறொரு படத்துக்கு வரைந்தால், உயர்ந்த முனை இயேசுவின் வலப்பக்கம், அதாவது பார்ப்பவருக்கு இடப்பக்கம்.

மரச்சட்டம்:
வெடிப்புக்குக் காரணம் மரத்தின் ஓட்டம். மரம் நார்வாக்கில் அசையாது, குறுக்கே விரியும், சுருங்கும். சிலுவையில் இரண்டு நார்த்திசையும் ஒரே இடத்தில் மோதுகின்றன. நன்கு காய்ந்த பலகை, 2.5 செ.மீ. தடிமன்; இரண்டிலும் பாதித் தடிமன் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று பொருத்துங்கள். பிறகு முகப்பு முழுவதும், இணைப்பைத் தாண்டியும், பழைய லினன் துணியை வஜ்ஜிரப் பசையில் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) நனைத்து ஒட்டுங்கள். பின்பக்கமும் பூச்சு கொடுங்கள், இல்லாவிட்டால் பலகை வளைந்துவிடும்.

பசை லிட்டருக்கு சுமார் 70 கிராம். இரவு ஊறட்டும், மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்குங்கள். கொதித்தால் பிடிப்பு போய்விடும். அதில் சுண்ணத்தூளை (சாக்கட்டித் தூள், சுண்ணாம்பு அல்ல) மெல்லத் தூவி, பாலாடைப் பதம் வந்ததும் எட்டுப் பூச்சு, எல்லாம் மெல்லியதாக. வேகமாகக் கலக்கினால் காற்றுக்குமிழ் ஏறி ஊசித்துளை விழும். மேல்பூச்சின் பசை கீழ்ப்பூச்சைவிட வலுவாக இருக்கவே கூடாது. அப்படி இருந்தால் காயும்போது அது இழுத்து, செதில் செதிலாக உரிந்து வரும்.

தூரிகை:
நன்றி. மூடிய கண், நான்கு ஆணி என்று முடிவு செய்துவிட்டேன். தங்கத் தகடு முதலிலா, முகம் முதலிலா?

பழஞ்சுவர்:
தங்கம்தான் முதலில். அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றிய பிறகே முட்டைக்கரு வண்ணம். தோல் வரும் இடங்களில் பச்சை மண் நிறத்தை இரண்டு பூச்சு கொடுத்து, மேலே இளஞ்சிவப்பை மெல்லிய கோடுகளாக அடுக்குங்கள். இறந்த உடல் என்பதால் விலா, கண்குழிப் பகுதிகளில் பச்சையை அப்படியே விட்டுவிடுங்கள்.