லோங்போர்டில் ஸ்லைட் பழக வேண்டும், திருகோணமலையில் யாராவது இருக்கிறீர்களா?

உவர்மலைப் பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். கனடாவில் இருந்து வந்த மச்சான் திரும்பிப் போகும்போது பெட்டிக்குள் இடமில்லை என்று ஒரு லோங்போர்டை, அதாவது நீளமான ஸ்கேட்போர்டை, விட்டுவிட்டுப் போனான், ஒன்றரை வருடமாக அதில்தான் ஓடித் திரிகிறேன். கடற்கரைப் பக்கத்துச் சம வீதியில் பிரச்சினை இல்லை. ஆனால் வீடு இருப்பது உவர்மலையில். இறக்கத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்தே நிறுத்தி இரண்டு சோடி சப்பாத்தின் அடி போய்விட்டது, மூன்றாவது சோடி கேட்டதற்கு அம்மா பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அதனால் போர்டைக் குறுக்கே சறுக்கவிட்டு வேகத்தைக் குறைக்கிற ஸ்லைட் பழகலாம் என்று வீடியோ பார்த்து கோல்மன் ஸ்லைட் முயற்சி செய்தேன். குந்தி, கையை ஊன்றி, போர்டைக் குறுக்கே திருப்பினால் அது சறுக்கவே மாட்டேன் என்கிறது. றோட்டைக் கவ்விக்கொண்டு அப்படியே நிற்கும், நான் மட்டும் முன்னுக்குப் பறப்பேன். இவ்வளவுக்கும் பயத்தில் நடக்கிற வேகத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் போகிறேன். போன ஞாயிறு ஒரு முழங்கையும் இடுப்பும் உரிந்துபோனது.

டெக், அதாவது நிற்கிற பலகை, டிரொப் துரூ (வீல் அச்சுகள் பலகையில் உள்ள துளைக்குள்ளால் பூட்டியது), கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வீல் ஒரங்கட்டாங் இன் ஹீட், செம்மஞ்சள் நிறம், 75 மி.மீ., கடினம் 80ஏ. இடது கால்தான் முன்னால். கோணேசர் கோயில் ஏற்றம் பார்க்க நல்லதாக இருக்கிறது, அங்கே பழகலாமா?

பனிநாட்டான்

தம்பி, நானும் திருகோணமலைதான், இப்போது நோர்வே. இங்கே வந்துதான் போர்டில் ஏறினேன், ஒன்பது வருடமாக விழுந்துகொண்டிருக்கிறேன்.

உன்னுடைய பிழையை நீயே எழுதிவிட்டாய்: நடக்கிற வேகம். மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், ஸ்லைட்டுக்கு அது தலைகீழ். வீலுக்கும் தாருக்கும் இடையில் உள்ள பிடி விட வேண்டும் என்றால் பக்கவாட்டில் ஒரு தள்ளு வேண்டும், அந்தத் தள்ளை வேகமும் வளைவும் சேர்ந்துதான் தரும். வேகம் இல்லாமல் போர்டைக் குறுக்கே போட்டால் வீல் கவ்வும், உடம்பு தன் பாட்டுக்குப் போகும். நீ பறப்பது அதனால்தான். மணிக்கு 20 கிலோமீட்டராவது வேண்டும், அதாவது சின்ன இறக்கத்தில் சைக்கிளை மிதிக்காமல் விட்டால் காதில் காற்று இரைய ஆரம்பிக்குமே, அந்த வேகம்.

அடுத்தது, கையில் உட்காராதே. புதிதாகப் பழகுகிறவர்கள் பயத்தில் கையைத் தூரத்தில் ஊன்றி முழுப் பாரத்தையும் அதில் கொடுத்துவிடுவார்கள். காலில் பாரம் இல்லாத போர்டு ஒன்றில் நின்றுவிடும், இல்லை காலை விட்டு ஓடிவிடும். கை ஒரு முளை மாதிரித்தான், உடம்புக்குக் கிட்ட, குதிக்காலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நீ இடது கால் முன்னால் என்றால் ஹீல்சைட்டுக்கு, அதாவது குதிக்கால் பக்கம் சாய்ந்து திருப்புவதற்கு, இடது கை. நன்றாகக் குந்து, பின் முழங்கால் முன் காலின் கெண்டையை நோக்கி மடியட்டும், பாரம் கூடுதலாக முன் காலில். முதலில் வலது பக்கமாக ஒரு வளைவு, அதிலிருந்து இடது பக்கம் சட்டென்று வெட்டி, வலது கையை வீசி, தலையையும் தோளையும் முதலில் திருப்பு. போர்டு பின்னால் தானாக வரும். பிறகு அதே கையைத் திருப்பி வீசினால் பழையபடி நேராகிவிடும். கலிபோர்னியாவின் பெர்க்லி மலைவீதிகளில் கிளிஃப் கோல்மன் என்ற மனிதர் கண்டுபிடித்த வித்தை இது, அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

வீலும் உனக்கு எதிரிதான். இன் ஹீட் வளைந்து வளைந்து ஓடுவதற்குச் செய்தது, விளிம்பு கூராக இருக்கும், பிடியை விடாது. விளிம்பு உருண்ட 70 மி.மீ. வீல் ஒரு செட் மச்சானிடம் சொல்லி அனுப்பச் சொல். அதே கொம்பனியின் ஸ்டிமுலஸ், ஊதா நிறம் 83ஏ, பழகுவதற்குப் பொருத்தம்.

கையுறை இருக்கிறதா? அதைப் பற்றி நீ ஒரு சொல் எழுதவில்லையே.

கொட்டியாரக்குடா

கோயில் வீதிக் கதையை இதோடு விடு. அது பிரட்றிக் கோட்டைக்குள்ளால் போகிற பாதை, உள்ளே இராணுவம் இருக்கிறது, சாமி கும்பிட வருகிற சனம், வான், ஓட்டோ, போதாததற்கு மான் கூட்டம். மான் எந்த நேரம் எந்தப் பக்கம் பாயும் என்று கோணேசருக்குத்தான் தெரியும். வெறுங்காலோடு ஏறுகிற ஓர் ஆச்சியின் மேல் நீ போய் மோதினால் அதோடு இந்த ஊரில் யாருமே போர்டைத் தூக்க முடியாது.

ஒரு விடயம் யாரும் சொல்லித் தரமாட்டார்கள், நான் பட்டுத்தான் படித்தேன். நாம் பார்க்கிற வீடியோக்களில் பாதிக்கு மேல் அமெரிக்கா, கனடா. அங்கே வாகனம் வலது பக்கம் ஓடும். இடது கால் முன்னால் வைப்பவன் ஹீல்சைட்டுக்கு எடுக்கிற முதல் வளைவு வலது பக்கம், அவர்களுக்கு அது வீதியோரம். நமக்கு அது நடுக்கோடு, எதிரே வருகிற பஸ். அப்படியே பார்த்துச் செய்து ஒருநாள் ஒரு தண்ணி பவுசருக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தேன், சாரதி என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். அதனால் இடது ஓரத்தை ஒட்டித் தொடங்கு, உன் பாதைக்குள்ளேயே முதல் வளைவை முடி. கீழே ஒருவர் நின்று கை காட்டாமல் இறங்கவே வேண்டாம்.

நேரம் என்றால் காலை ஆறு மணி. கச்சான் காற்றுக் காலத்தில் பத்து மணிக்குப் பிறகு தார் கொதிக்கும், வீலும் இளகித் தேயும், விழுந்தால் உரிகிறது போதாதென்று பொசுங்கவும் செய்யும். கடற்கரைப் பக்கம் றோட்டில் மணல் ஏறிக் கிடக்கும், முதலில் நடந்து பார். இரவில் வேண்டவே வேண்டாம், நடு வீதியில் படுத்திருக்கிற மாடுகளுக்கு லைட் இல்லை.

கையுறைக்கு அலையாதே. ஹாட்வெயார் கடையில் வெல்டிங் வேலைக்கு விற்கிற தோல் கையுறை வாங்கு. குசினியில் காய் வெட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை இருக்கும் அல்லவா, தடிப்பானது, அதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் அறுத்து ஓரத்தை அரத்தால் உருட்டு. சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்துக் கையுறையில் வெல்குரோ தைத்துப் பலகையை ஒட்டு, அதுதான் கையை றோட்டில் சறுக்க விடும். வெல்குரோ பலகையில் நிற்க வேண்டும் என்றால் அந்தப் பக்கத்தை முதலில் நன்றாகச் சுரண்டிவிட்டுக் கம் பூசு, இல்லாவிட்டால் முதல் ஸ்லைட்டிலேயே கழன்று உனக்கு முன்னால் மலையிறங்கிவிடும்.

நிலாவெளிக்காரி

வீல் மாற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வீல் வந்து சேரும் வரைக்கும் பிள்ளை சும்மா இருப்பதா? நான் இதைவிட மெதுமையான வீலில்தான் பழகினேன், அது மெதுமையாக இருந்ததால் வளைவைச் சரியாக எடுக்காமல் சறுக்கவே முடியவில்லை, பழக்கம் ஒழுங்காக வந்தது.

இறக்கத்துக்கு முன்னால் சமதரையில் செய்து பாருங்கள். தம்பலகாமம் பக்கம் நெல் காயவிடுகிற சீமெந்துத் தளம் இருக்கிறதே, அறுவடை இல்லாத காலத்தில் கேட்டால் விடுவார்கள். சீமெந்து வழவழப்பு, தாரை விடச் சுலபமாகச் சறுக்கும். நான்கைந்து தள்ளுத் தள்ளிக் குந்திக் கையை வைத்துத் திருப்பினால் போதும். ஆனால் முதலில் விளக்குமாற்றால் கூட்டுங்கள், ஒரு குருணிக்கல் வீலுக்குள் மாட்டினால் கதை முடிந்தது.

காயத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. உரிந்த இடத்தைச் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவி மண்ணை எடுத்தீர்களா? ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது? ஹெல்மெட், முழங்கால் கவசம் இல்லாமல் இன்னொரு தடவை போனேன் என்று இங்கே எழுதினால் நான் பதில் எழுதமாட்டேன்.

பனிநாட்டான்

அக்கா சொல்வதும் சரிதான், தளத்தில் தொடங்கு, வீல் வரும்போது வரட்டும். ஒன்று மட்டும்: சரியாகக் குறுக்காக, ஒரே நிலையில் நெடுநேரம் சறுக்காதே. வீலில் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், பிறகு ஓடும்போது தட தட என்று மாட்டு வண்டி மாதிரிச் சத்தம் வரும்.

உவர்மலைப் பொடியன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஊசி போட்டாயிற்று அக்கா, ஹெல்மெட் மாமாவின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், முகம் முழுக்க மூடும், உள்ளே அவியுது.

தளத்தில் முதல் நாள் ஒன்றும் சரிவரவில்லை. இரண்டாம் நாள் பயத்தை விட்டுக் கொஞ்சம் வேகமாகத் தள்ளி, பார்வையைக் கையில் வைக்காமல் போகிற திசையில் வைத்தேன். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம், நான் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்த நெல் முதலாளி "இன்னொருக்கா செய்" என்றார். அன்றைக்கு இருபது தடவையாவது செய்திருப்பேன்.

போன சனி எங்கள் ஒழுங்கை இறக்கத்தில், தம்பியைக் கீழே நிறுத்தி, ஐந்துக்கு மூன்று சரி. இன் ஹீட்டிலேயேதான். திரும்பி நேராகும்போது மட்டும் கொஞ்சம் தள்ளாடுகிறது, அது பாரம் பின் காலுக்குப் போவதாலா?

அம்மா காய் வெட்டும் பலகையைத் தேடுகிறார். கொட்டியாரக்குடா அண்ணா, புதிது எந்தக் கடையில் கிடைக்கும்?