நிறுத்தி வைத்துத் திறந்த கடலடி எண்ணெய்க் குழாயில் அடைப்பு: உதவி தேவை

வள்ளியூர்க்காரர்:
மும்பைக்கு மேற்கே கடல் மேடை ஒன்றில் 14 நாள் பணி முடித்து ஊருக்கு வந்திருக்கிறேன். கிணற்று மேடையிலிருந்து பதனிடும் மேடைக்குப் போகும் 8 அங்குலக் குழாயைப் பழுதுக்காக நான்கு நாள் நிறுத்தி வைத்துத் திறந்தபோது, கிணற்றுப் பக்கம் அழுத்தம் ஏறிக்கொண்டே போனதே தவிர, மறுமுனையில் எண்ணெய் சிறிதளவே வந்தது. பிக் (குழாய்க்குள் ஓடி உட்சுவரைச் சுரண்டித் துடைக்கும் உருளை) விட்டுத் தள்ளலாம் என்கிறார் மேற்பார்வையாளர். மறுமுனையை மட்டும் திறந்து அழுத்தத்தை இறக்கினால் போதும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

உவரி அண்ணாச்சி:
தம்பி, அடைத்திருப்பது மெழுகா, ஹைட்ரேட்டா (நீரும் வாயுவும் சேர்ந்து பனிக்கட்டி போல உறைவது) என்று முதலில் தெரிய வேண்டும். மும்பை ஹை எண்ணெய் மெழுகு மிகுந்தது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கட்டியாவது போல, ஏறத்தாழ 30 டிகிரியிலேயே ஓட்டம் நின்றுவிடும். கடைசியாக விட்ட பிக்குடன் என்ன வந்தது?

வள்ளியூர்க்காரர்:
ஒரு வாளி கறுப்பு விழுது வந்தது, அண்ணாச்சி. உள்ளங்கையில் வைத்ததும் இளகிக் கருப்பட்டிப் பாகு போல ஒட்டிக்கொண்டது. டீசல் போட்டுத் துடைத்தும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை.

உவரி அண்ணாச்சி:
அப்படியானால் பெரும்பாலும் மெழுகுதான்; ஹைட்ரேட்டாக இருந்தால் சீறிக்கொண்டு வாயுவும் நீருமாகக் கரைந்திருக்கும். இப்போது முழு அளவு பிக் விட்டால், அது சுரண்டும் மெழுகு முன்னால் குவிந்து, இருக்கும் சிறு வழியும் அடைபடும். அந்தச் சிறு ஓட்டத்தை நிற்க விடாமல், குழாய்க்கு அனுமதித்த அழுத்தத்தைத் தாண்டாமல், சைலீன் என்ற கரைப்பான் கலந்த சூடான டீசலை மெதுவாகச் செலுத்துங்கள். கடலடியில் சூடு வெகுதூரம் நிற்காது. கரைப்பான்தான் வேலை செய்யும். ஓட்டம் தேறிய பிறகு, குழாயைவிடச் சிறிய, மெத்தென்ற நுரை பிக்கில் தொடங்கிப் படிப்படியாக அளவைக் கூட்டலாம்.

அம்பாசமுத்திரத்துக்காரர்:
கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடலில் வேலை பார்ப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஹைட்ரேட் என்று சிறிது சந்தேகம் இருந்தாலும் ஒருபக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்கவே கூடாது. கட்டி பிடி விட்டதும் துப்பாக்கிக் குண்டு போலப் பாய்ந்து வளைவையோ வால்வையோ பிளந்துவிடும். இருபுறமும் சமமாக இறக்கி, அது கரையும்வரை, நாள்கணக்கானாலும், காத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சூடேற்றுவதும் ஆபத்து. ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டுக்குள் வெளியே வந்தால் ஏறத்தாழ 160 கன மீட்டராக விரியும் வாயு அடைபட்டிருக்கும், அதற்குப் போக வழி இராது.

வள்ளியூர்க்காரர்:
நன்றி. அடுத்த முறை நிறுத்துவதற்கு முன் என்ன செய்வது?

உவரி அண்ணாச்சி:
குழாயில் கச்சா எண்ணெயை விட்டுவைக்காமல் டீசலால் நிரப்பிவிட்டு மூடுங்கள். அதற்கு வழியில்லையென்றால், ஓட்டம் இருக்கும்போதே உறைநிலையைத் தாழ்த்தும் மருந்தைக் கலந்துவிடுங்கள். எண்ணெய் ஆறிய பின் ஊற்றினால் பயன் இராது.