கடதாசிப் பூச்செடியில் ஒரு கிளை மட்டும் வெள்ளை, வெட்டவா?

உவர்மலை வாசி:
கேற்றடியில் பதினொரு வருடமாக நிற்கும் கடதாசிப் பூச்செடி. எப்போதும் கடும் மஜெந்தா நிறம்தான். கச்சான் காற்று தொடங்கிய பிறகு, மதில் பக்கம் போன ஒரே ஒரு கிளை வெள்ளையாகப் பூக்கிறது. பசளை எதுவும் மாற்றவில்லை. கடல் உப்பு பட்டதாலா? மாமி, "பட்டுப்போகப் போகுது, வெட்டு" என்கிறார். நாளைக்கு வெட்ட ஆள் வருகிறார்.

நிலாவெளி நாற்றுமேடை:
அக்கா, அவசரப்பட வேண்டாம். உப்புக் காற்று இலை ஓரத்தைக் கருக்கும். ஒரு கிளைக்கு மட்டும் நிறம் மாற்றாது. அந்தக் கிளை எங்கிருந்து பிரிகிறது? ஒட்டுச் செடியென்றால் ஒட்டுக்குக் கீழிருந்து அடிக்கட்டை துளிர்த்திருக்கலாம்.

உவர்மலை வாசி:
ஒட்டு இல்லை, அம்மா தடி வெட்டி நட்டது. தலைக்கு மேல் உயரத்தில், மஜெந்தா பூக்கும் கிளையிலிருந்தே பிரிகிறது. இலை நல்ல பச்சை. பிரியும் இடத்தில் ஒரு கொத்து பாதி மஜெந்தா, பாதி வெள்ளை; நடுவே கோடு கிழித்ததுபோல.

நிலாவெளி நாற்றுமேடை:
அந்தப் பாதிக் கொத்தே சொல்லிவிட்டது. இது நோயில்லை, மொட்டு மாற்றம். மொட்டு வளரும்போது ஏதோ ஒரு உயிரணுவில் மரபுச் செய்தியைப் படியெடுக்கையில் பிழை வந்துவிட்டது. அதிலிருந்து நீண்ட கிளையும் அந்தப் பிழையோடு வளர்கிறது.

கடையில் வாங்கும் அப்பிளிலும் இந்தக் கதைதான். நியூசிலாந்தின் கலா மரத்தில் கூடுதலாகச் சிவந்து காய்த்த மாற்றத்தைப் பிரித்தெடுத்து வளர்த்ததுதான் ரோயல் கலா. ரெட் டெலிஷஸிலும் இன்னும் சிவந்த கிளை எது என்று தேடித் தேடியே பெருக்கினார்கள். நிறம் ஏறியது, ருசி போனது என்பது என் கணக்கு. நிறம் மட்டுமா? 1960களில் கனடாவில் ஒரு மக்கின்டொஷ் மரத்தில், பக்கக் கிளை அதிகம் விடாமல் தூண்போல ஒரு கிளை நிமிர்ந்தது. பிறகு ஆராய்ந்தபோது, இடம்விட்டு இடம் தாவும் மரபுத் துண்டு ஒன்று, ஏறக்குறைய 8,200 எழுத்து நீளம், அதன் மரபுச் செய்தியின் நடுவில் புகுந்திருந்தது தெரிந்தது.

கிண்ணியாத் தோட்டம்:
அப்ப கிரானி ஸ்மித் அப்பிளும் இப்படி வந்ததா தம்பி?

நிலாவெளி நாற்றுமேடை:
இல்லை நானா. அது 1868 அளவில் சிட்னிப் பக்கம் விதையிலிருந்து தானாக முளைத்த கன்று. அப்பிள் விதை தாயைப்போல முளைக்காது, ஒவ்வொன்றும் வேறு. மொட்டு மாற்றத்தில் மரம் பழையதுதான், ஒரு குணம் மட்டும் மாறும். அதனால்தான் தடியாலோ ஒட்டாலோ பதியத்தாலோ மட்டும் அதைக் காப்பாற்ற முடியும்.

அக்கா, வெள்ளைக் கிளையில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். பென்சில் தடிப்புள்ள இடத்தில் ஒரு அங்குலம் பட்டை உரித்து, ஈரத் தும்புத்தூள் வைத்து, பொலித்தீனால் இறுக்கிக் கட்டுங்கள். வேர் வெளியே தெரிந்த பிறகே வெட்டுங்கள். புதுக் கன்றில் மஜெந்தாத் துளிர் வந்தால் உடனே நறுக்க வேண்டும்; விட்டால் அதுவே முந்தும்.

உவர்மலை வாசி:
ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாதிக் கொத்து இருக்கிற இடத்தில் கட்டினால் என்ன வரும்?

நிலாவெளி நாற்றுமேடை:
வெள்ளை, மஜெந்தா, இரண்டும் கலந்தது, எதுவும் வரலாம். இரு நிறமும் ஒன்றாகப் பூக்கும் மேரி பாமர் என்ற கடதாசிப் பூ வகையும் மொட்டு மாற்றமாக வந்ததுதான். ஒன்று அங்கேயும் கட்டுங்கள். வேர் விட்டால் எனக்கு ஒரு தடி.