புதுப்பிப்பு: உயிரியல் பூங்காவுக்குப் போய் வந்துவிட்டோம்

நான்கு வயது மகளையும் முழங்கால் வலியுள்ள அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் உயிரியல் பூங்கா முழுவதையும் சுற்ற முடியுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். முழுவதும் வேண்டாம், கதவு திறந்ததும் போய்விடுங்கள் என்றீர்கள். அப்படியே செய்தோம்.

சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும் என்பதால் முதலில் அங்கேதான் போனோம். வெயில் ஏறுமுன் வேலியோரமாக நடந்துகொண்டிருந்தது. நண்பகலில் திரும்பி வந்தபோது வால் நுனி மட்டும்தான் அசைந்தது.

ஒட்டகச்சிவிங்கியிடம்தான் வெகுநேரம் நின்றோம். சுமார் 45 சென்டிமீட்டர் நீளமுள்ள கருத்த நாக்கைக் கிளையில் சுற்றி, இலையை மட்டும் உருவி எடுத்தது. அப்படி ஒரு நிதானம்! மகள் தன் நாக்கை நீட்டி அளந்து பார்த்தாள்.

சக்கர நாற்காலி கிடைக்குமா என்று நுழைவிலேயே கேட்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. அம்மா முதலில் வேண்டாம் என்றார். பறவைகள் பகுதியைத் தாண்டியதும் அவரே கேட்டு வாங்கி உட்கார்ந்தார். பாம்புகளைப் பார்க்கவில்லை, பரவாயில்லை. 2 மணிக்கே கிளம்பிவிட்டோம். அப்புறம், மாற்று உடை எடுத்துப் போனது நல்லதாயிற்று. யானை துதிக்கையால் வீசிய தண்ணீர் எங்கள் வரைக்கும் வந்தது.