தாத்தாவைப் போலவே இல்லாத தாத்தா படம்

அம்மாபேட்டைப் பேத்தி:
என் தாத்தா ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். அவர் மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஏற்காட்டில் தங்கியிருந்த ஓர் இளம் ஓவியர் மூன்று நாள் தறியருகே அமர்ந்து அவரை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். முகத்தில் பழுப்பும் கறுப்புமாக நான்கைந்து தீற்றல்கள்தான் உள்ளன; ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவின் கயிற்றை இழுக்கும் வலக்கையோ முகத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. பதினாறாம் நாள் படையலுக்கு அதை வைக்க நான் விரும்பினேன். பெரியப்பா, "இது யார் வீட்டுப் படம்?" என்று கேட்டு, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். இது உருவப்படமா, இல்லையா?

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோக்காரர்:
உங்கள் பெரியப்பா சொன்னதே சரி. புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டுப் பெரிதாக்கி வரைவது என் முப்பது ஆண்டுத் தொழில். படத்தை வாங்க வருபவர் காகித உறையைப் பிரித்ததும் கண் கலங்கினால்தான் எனக்குக் கூலி செரிக்கும். ஆளை அடையாளம் காட்டாத படத்துக்கு வேறு எந்தப் பெயரையும் வையுங்கள், உருவப்படம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஏற்காட்டுத் தூரிகை:
ஐயா, அந்த ஓவியர் நானல்ல. ஆனாலும் அவர் கட்சிதான். மாறுகண்ணை நேராக்கி, அம்மைத் தழும்பை அழித்து, நிறத்தை இரண்டு படி ஏற்றி நீங்கள் தருவதும் உள்ளபடியான முகமல்லவே. இந்திய ஓவியர் எஃப்.என். சூசா 1950களில் கண்களை நெற்றிக்கு ஏற்றி வரைந்த தலைகளில் அழகு இல்லை, ஆனால் மனிதர்களின் அச்சமும் வன்மமும் தெரிகின்றன. காந்தி நூற்றாண்டையொட்டித் தமிழக ஓவியர் ஆதிமூலம் வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களில் சில கோடுகளே முதுகாகவும் நடையாகவும் ஆகிவிடுவதைப் பார்த்த பிறகு, மூக்கும் முழியும் ஒத்திருப்பது மட்டுமே உருவப்படம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோக்காரர்:
தழும்பை அழிப்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டார் கேட்டுத்தான் அழிக்கிறேன். காந்தியின் முகம் ரூபாய் நோட்டில் இருக்கிறது. அதனால் ஆதிமூலம் பாதியை விட்டுவிட்டாலும் மீதியை நாமே நிரப்பிக்கொள்கிறோம். ஒரு நெசவாளியின் முகத்தைப் படத்திலும் தொலைத்துவிட்டால், நாற்பது ஆண்டுகள் கழித்து அவருடைய கொள்ளுப்பேரன் எதைக் கொண்டு நிரப்புவான்? 1954இல் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் எண்பதாவது பிறந்த நாளுக்காக நாடாளுமன்றத்தினர் ஓவியர் சதர்லாண்டை வரையச் சொன்ன படமும் சர்ச்சிலுக்குப் பிடிக்கவில்லை. பின்னர் அவர் மனைவியின் விருப்பப்படி அது எரிக்கப்பட்டது.

ஏற்காட்டுத் தூரிகை:
கொள்ளுப்பேரன் கேள்விக்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. ஆனால் சர்ச்சிலைச் சதர்லாண்டு அடையாளம் தெரியாமல் வரைந்துவிடவில்லை. தளர்ந்த முதியவராகக் காட்டினார், அதுதான் வலித்தது. ஆகவே அது உங்கள் கட்சிக்குச் சான்றாகாது. 2024இல் திறந்துவைக்கப்பட்ட பிரிட்டிஷ் ஓவியர் ஜோனதன் யோவின் சார்லஸ் மன்னர் படத்தில் உடையும் பின்னணியும் ஒரே சிவப்பில் கரைந்திருக்க, முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு அது துணிச்சலில் பாதிக்கிணறு. இந்தத் தாத்தா படத்தில் ஓவியர் கையைப் பெரிதாக்கியது, மூன்று நாளும் அவர் கண்ணில் ஓயாமல் அசைந்தது அந்தக் கைதான் என்பதால் இருக்கலாம்.

அம்மாபேட்டைப் பேத்தி:
நேற்று, தாத்தாவுக்குத் தார் (நாடாவில் வைக்கும் ஊடை நூல் சுருள்) சுற்றிக் கொடுத்துவந்த அத்தை வந்திருந்தார். படத்தைத் திருப்பிக் காட்டினேன். முகத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. வலத்தோளில் விரலை வைத்து, "கயிறு இழுத்து இறங்கின தோள்" என்றார். அந்தத் தோள் சரிந்திருப்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. பெரியப்பா ஸ்டுடியோவில் கொடுத்து வரையச் சொல்வதற்கு எடுத்து வைத்திருப்பதோ அடையாள அட்டைக்கு எடுத்த புகைப்படம்; அதில் கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை. ஐயா, இப்படிப்பட்ட படத்தைக் கொடுத்தால் தோளை எப்படி வைப்பீர்கள்?

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோக்காரர்:
இரண்டு பக்கமும் சமமாகத்தான் வைப்போம், அம்மா. எவ்வளவு இறங்கியிருந்தது என்று தெரிந்தால் அப்படியே போடலாம். என்னிடம் கொடுப்பதாக இருந்தால், புகைப்படத்தோடு அந்த ஓவியத்தையும் எடுத்து வாருங்கள்.