அரிச்சல்முனை போகும்போது சுகம், திரும்பும்போது விரல் மரத்துப்போகிறது: சீட்டா, ஹேண்டில்பாரா?

பனங்காடு (கேள்வி)

வணக்கம். ஊர் ராமநாதபுரம், வயது 43, உயரம் 169 செ.மீ. மாசி மாதம் பழைய ரோடு பைக் (மிதிக்கும் சைக்கிள்தான்) ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். வாரம் மூன்று நாள் தேவிபட்டினம், திருப்புல்லாணி என்று 30 கிலோமீட்டருக்குள் ஓட்டி வந்தேன், ஒரு தொந்தரவும் இல்லை.

போன ஞாயிறு முதன்முறையாகத் தனியாக, தனுஷ்கோடிக்கு அப்பால் சாலை முடியும் அரிச்சல்முனை வரை போய்த் திரும்பினேன். போக வர சுமார் 150 கிலோமீட்டர். என் அப்பா கருவாட்டு மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு பாம்பனிலிருந்து ராமநாதபுரம் சந்தைக்கு மிதித்த சாலை இது. அதை முழுசாக ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை.

காலை 4:15-க்குக் கிளம்பினேன். ஆடிக் காற்று முதுகில் தள்ளியது. பாம்பன் பாலத்தில் விடிந்தது, 8 மணிக்கு முன்பே அரிச்சல்முனை. உடம்பில் ஒரு வலி கிடையாது. திரும்பும்போதுதான் எல்லாம். தங்கச்சிமடம் தாண்டியதும் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தன. மண்டபம் வந்தபோது இரண்டு கையும் அப்படியே. கூடவே முட்டிச் சிப்பிக்குக் கீழே முன்பக்கம் வலி. சீட் தாழ்வாக இருக்கிறது போல என்று நினைத்து, உச்சிப்புளியில் ஒரு டீக்கடை வாசலில் சீட்டை ஒன்றரை செ.மீ. உயர்த்தினேன், ஹேண்டில்பாரையும் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பினேன். கடைசி 18 கிலோமீட்டரில் முட்டியின் பின்பக்கம் இழுக்க ஆரம்பித்துவிட்டது.

கடையில் கேட்டால் ஸ்டெம் (ஹேண்டில்பாரை பைக்கோடு இணைக்கும் துண்டு) நீளம், குட்டை ஸ்டெம் மாற்று என்கிறார்கள். மாற்றலாமா? அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும்.

வலசை

அண்ணே, கை மரத்தால் ஹேண்டில்பார் தூரம் என்றுதான் அர்த்தம். எனக்கு 10 மி.மீ. குட்டை ஸ்டெம் போட்டதும் சரியானது. கையுறையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மரையாணி

தம்பி, இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பதில் பாதி இருக்கிறது. போகும் 75 கிலோமீட்டரிலும் அதே ஸ்டெம், அதே ஹேண்டில்பார்தானே? தூரம்தான் காரணம் என்றால் போகும்போதே லேசாகவாவது தெரிந்திருக்க வேண்டும். திரும்பும்போது மாறியது காற்று. காற்று மாறினால் நீங்கள் உட்காரும் விதமும் மாறும். எதிர்காற்றில் யாரும் நிமிர்ந்து ஓட்டுவதில்லை. குனிகிறோம், கை முழங்கையில் மடங்குகிறது, இடுப்பு முன்னால் நழுவுகிறது. சீட் முனை கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தால் அந்த நழுவல் நிற்கவே நிற்காது. உடம்பு விழாமல் இருக்கக் கை இரண்டும் நாள் முழுக்க முட்டுக்கொடுக்கும். முன்னால் நழுவி முனையில் உட்கார்ந்தால் பெடலுக்கும் இடுப்புக்கும் தூரம் குறைகிறது, முட்டி அதிகமாக மடங்குகிறது, முன்பக்கம் வலிக்கிறது. இரண்டு வலிக்கும் ஒரே காரணம் இருக்கலாம்.

மூன்று அளவு எடுத்துப் போடுங்கள்.

காலளவு: செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டையில் இறுக்கிப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை.

சீட் உயரம்: கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) சுழலும் நடு அச்சிலிருந்து சீட் குழாயின் போக்கிலேயே சீட்டின் மேல்பரப்பு வரை. பழைய உயரத்தின் தடம் போஸ்ட்டில் (சீட்டைத் தாங்கி, சீட் குழாய்க்குள் இறங்கும் கம்பம்) இருக்கும், அதையும் அளந்துவிடுங்கள்.

சாய்வு: சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு பலகையோ ஸ்கேலோ வைத்து, அதன் மேல் போனின் மட்டம் பார்க்கும் செயலி. முதலில் தரையின் மட்டத்தைப் பார்த்துவிட்டு அதைக் கழித்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுத் திண்ணையெல்லாம் தண்ணீர் வடியச் சரிவாகத்தான் இருக்கும்.

இயன்முறை

பரமக்குடியில் பிசியோதெரபி பார்க்கிறேன். சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்தால் அது அல்நார் நரம்பு. உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கத்து மேட்டுக்குள் போகிறது. ஹேண்டில்பார் அழுத்துவது சரியாக அந்த இடத்தை. மணிக்கட்டைப் பின்னால் மடக்கி மணிக்கணக்கில் பிடித்தால் இன்னும் மோசம். கையுறை அழுத்தத்தைப் பரப்பும், ஆனால் பாரம் குறையாது. முழங்கையை லேசாக மடித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், அலட்சியம் வேண்டாம். மரப்பு இரண்டு மூன்று நாளில் போகாவிட்டால், அல்லது சட்டைப் பொத்தான் போட, சாவி திருகச் சக்தி குறைந்தால், பைக்கை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பனங்காடு

இருவருக்கும் நன்றி. மரப்பு செவ்வாய்க்கிழமையே போய்விட்டது, பிடி பலமாகத்தான் இருக்கிறது. அளவுகள்: காலளவு 79 செ.மீ. சீட் உயரம் இப்போது 71, முன்பு 69.5. சாய்வு முனைப்பக்கம் கீழே 5.5 டிகிரி. மூன்று முறை அளந்தும் அதேதான். வாங்கிய அன்று எடுத்த படத்தைப் பார்த்தால் கிட்டத்தட்ட மட்டமாக இருக்கிறது. நான் அதைத் தொடவே இல்லை.

மரையாணி

நினைத்தேன். காலளவை 0.883-ஆல் பெருக்குவது ஒரு பழைய கணக்கு. 79-க்கு 69.8 வருகிறது. உங்கள் பழைய 69.5 அதை ஒட்டியேதான் இருந்தது. உயரத்தில் பிழையே இல்லை, சரியாக இருந்ததை உச்சிப்புளியில் கலைத்துவிட்டீர்கள். பின்பக்கம் இழுத்தது அந்த ஒன்றரை செ.மீ.தான். சீட் உயரத்தைத் தொட்டால் ஒரு தடவைக்கு 3 மி.மீ., மிஞ்சினால் 5. அதற்கு மேல் போனால் கால் தாங்காது.

இனி சாய்வு. சீட்டின் கம்பியைப் பிடிக்கும் கிளாம்ப் நழுவியிருக்கிறது. நம் கடற்கரையில் இது சகஜம். உப்புக்காற்றில் போல்ட் மரை துருப்பிடிக்கும். திருகும்போது கைக்கு இறுகியது போலவே தெரியும். ஆனால் நாம் கொடுக்கும் பலத்தைத் துருவின் உராய்வே தின்றுவிடும், கிளாம்ப் பிடித்திருக்காது. சாலையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் முனை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பாம்பன் பாலத்து இணைப்புத் தகடுகளில் எத்தனை தடவை தூக்கிப் போட்டிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

போல்ட்டை முழுசாகக் கழற்றுங்கள். மரையை மண்ணெண்ணெய் விட்டு பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள், துடைத்துக் காயவிட்டு மரையில் மட்டும் கிரீஸ். கிளாம்பின் பற்கள் மழுங்கியிருந்தால் கிளாம்பை மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கிளாம்ப் மேலேயே நியூட்டன் மீட்டர் கணக்கில் அச்சிட்டிருக்கும். சீட்டை மட்டமாக வையுங்கள், உயரத்தை 69.5-க்குக் கொண்டுவாருங்கள், ஹேண்டில்பாரைப் பழைய இடத்துக்கே திருப்புங்கள். போஸ்ட்டில் உயரத்துக்கு ஒரு சுற்று இன்சுலேஷன் டேப்.

அதோடு நிறுத்துங்கள். சீட்டை முன்பின் நகர்த்துவதெல்லாம் இப்போது வேண்டாம். ஒரு மாற்றம், ஒரு ஓட்டம், நோட்டில் ஒரு வரி. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

வலசை

அப்போ என் ஸ்டெம்?

மரையாணி

உங்கள் பைக்குக்கு அதுதான் கோளாறாக இருந்திருக்கலாம், தம்பி. அவர் உடம்பு வேறு, பைக் வேறு.

பாம்பன்காரி

அண்ணா, சோதித்துப் பார்க்கக் காற்றோடு ஓட்டிப் பயனில்லை. மண்டபம் வரை போய்த் திரும்புங்கள், திரும்பும் 37 கிலோமீட்டரும் கச்சான் (மேற்கிலிருந்து வீசும் காற்று) முகத்தில்தான் அடிக்கும். நான் வாரம் இரண்டு நாள் பாலத்தில் ஓட்டுகிறேன். நடுவில் ஏறி இறங்கும் அந்த மேடுதான் நம் பக்கத்தில் இருக்கிற ஒரே ஏற்றம், அங்கே காற்று பக்கவாட்டில் இழுக்கும். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிட்டார்கள், அப்படிப்பட்ட இடம். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள், தளர்வாகப் பிடித்தால்தான் பைக் நேராகப் போகும். தகடுகளைக் குறுக்கே நேராகக் கடக்க வேண்டும்.

முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்புறம் நிழல் கிடையாது. அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர், 2017-இல் திறந்த சாலை, இரண்டு பக்கமும் கடல். காற்று நாளில் மணல் ஏறிக் கிடக்கும், வளைவில் பிரேக் பிடிக்காதீர்கள். தனியாகப் போகிறவர் மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு டியூப், 4, 5, 6 எண் ஆலன் கீ (போல்ட் திருகும் அறுகோணச் சாவி) வைத்துக்கொள்ள வேண்டும். சாலையோரம் இறங்கி நிறுத்தினால் கருவேல முள் டயரில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பனங்காடு

மண்டபம் போய் வந்தேன். போல்ட் மரை முழுக்கச் செந்துரு. சுத்தம் செய்து இறுக்கியபோதுதான் உண்மையான பிடி எப்படி இருக்கும் என்று தெரிந்தது. முட்டி வலி சுத்தமாக இல்லை. விரல் உச்சிப்புளிக்குப் பிறகு லேசாகக் கூசியது, மரக்கவில்லை. இடுப்பு நழுவவில்லை, ஆனால் கையில் இன்னும் கொஞ்சம் பாரம் இருக்கிறது.

மரையாணி

நல்லது. இப்போது சீட்டை 5 மி.மீ. பின்னால் தள்ளலாம். இடுப்பு பின்னால் போனால் உடம்பின் பாரம் பெடலுக்குப் போகும், கைக்கு வருவது குறையும். பின்னால் தள்ளும்போது கிராங்கிலிருந்து தூரமும் கூடும். சாதாரண ரோடு பைக்கில் 10 மி.மீ.க்கு ஏறக்குறைய 3 மி.மீ. அதனால் போஸ்ட்டை ஒன்றரை மி.மீ. இறக்குங்கள். சாய்வை மறுபடி அளக்க மறக்க வேண்டாம், கிளாம்பைத் தொட்டாலே அது மாறும்.

பனங்காடு

இன்று மறுபடி அரிச்சல்முனை போய்த் திரும்பி, குளித்துவிட்டு எழுதுகிறேன். 5 மி.மீ. பின்னால், ஒன்றரை கீழே. திரும்பும்போது அதே காற்று, தங்கச்சிமடத்தில் வேகம் 14-க்கு மேல் ஏறவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாலம் ஏறினேன், மண்டபம் தாண்டினேன், எல்லா விரலும் உணர்வோடு இருந்தன. உச்சிப்புளியில் அதே டீக்கடையில் இறங்கினேன், டீ குடிக்க மட்டும். கழுத்து கொஞ்சம் பிடித்திருக்கிறது, அது 150 கிலோமீட்டருக்கு உள்ளதுதான் என்று நினைக்கிறேன்.

மனசு நிறைந்திருக்கிறது. அப்பா இந்தக் காற்றில் மூட்டையோடு மிதித்தார் என்பதை இன்றுதான் உடம்பால் அறிந்தேன்.

வந்ததும் சாய்வை அளந்தேன். மட்டம், காலையில் இருந்த அதே அளவு.

மரையாணி

சந்தோஷம் தம்பி. ஐப்பசி மழைக்கு முன்னால் சீட் போஸ்ட்டையும் வெளியே உருவி, துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். அலுமினியப் போஸ்ட் இந்த உப்பில் குழாயோடு ஒட்டிக்கொண்டால் அப்புறம் உருவவே வராது. டேப்பை மட்டும் பிரித்துவிடாதீர்கள்.